முதல் வகுப்பைப் படிக்கட்டில் நடத்துங்கள்

பொறியியல் கல்லூரிகளில் ‘சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ்’ (ஒலி, மின்னழுத்தம் போன்ற சிக்னல்களை ஓர் அமைப்பு எப்படி மாற்றுகிறது என்று சொல்லும் பாடம்) நடத்தும் ஆசிரியர்களுக்கும், அந்தப் பாடத்திட்டத்தை வகுப்பவர்களுக்கும் வணக்கம்.

மூன்றாவது செமஸ்டரில் இந்தப் பேப்பரில் அரியர் வைத்தவன் நான். அடுத்த முறை எழுதித் தேறிய பிறகும் அதில் வரும் கன்வல்யூஷன் என்ற கணக்கு என்னவென்று எனக்குத் தெரியாது. ஒரு வடிவத்தைத் திருப்பிப் போட்டு, நகர்த்தி, பெருக்கி, கூட்ட வேண்டும், அவ்வளவுதான் தெரியும். எதற்குத் திருப்புகிறோம் என்று வகுப்பில் கேட்டபோது, ஃபார்முலா அப்படித்தான், எழுதினால் மார்க் வரும் என்றார்கள்.

புரிந்தது வேலைக்குச் சேர்ந்த பிறகுதான். ஒருநாள் சீனியர் ஒருவர் அலுவலகப் படிக்கட்டில் பலூன் ஒன்றை உடைத்து, அந்தச் சத்தத்தைப் போனில் பதிவு செய்தார். ஒரு ‘டப்’, அதன் பின்னால் சுவர்களில் மோதி மெல்ல அடங்கும் எதிரொலி. அப்புறம் திரைச்சீலை போட்ட சின்ன அறையில் என்னை நாலு வரி பேசச் சொன்னார். இரண்டு பதிவுகளையும் கணினியில் கன்வல்யூஷன் செய்து ஹெட்போனைக் கொடுத்தார். நான் படிக்கட்டில் நின்று பேசுவது போலவே கேட்டது!

என் குரலின் ஒவ்வொரு சாம்பிளும் (கணினி நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்தெடுக்கும் ஒலித்துளி) ஒரு குட்டிப் பலூன். ஒவ்வொன்றும் தன் எதிரொலியை இழுத்துக்கொண்டு வருகிறது. எல்லாவற்றையும் கூட்டினால் அதுதான் அவுட்புட். இந்த நொடியில் காதில் விழுவதில், இப்போது பேசியது எதிரொலியின் தலையோடும், சற்று முன் பேசியது அதன் வாலோடும் பெருகி வருகிறது. பழையது வாலோடு சேர்வதால்தான் திருப்பிப் போடுகிறோம். இரண்டு பேர் பேசினால் இரண்டு எதிரொலிகளும் அப்படியே கூடும். காலையில் பேசினாலும் மாலையில் பேசினாலும் எதிரொலி மாறாது. எல்.டி.ஐ (லீனியர் டைம் இன்வேரியன்ட்: அப்படியே கூடும், நேரத்தால் மாறாது) என்று மனப்பாடம் செய்த மூன்றெழுத்துக்கு அர்த்தம் இதுதான்.

சாம்ப்ளிங்கும் காதால் கேட்க வேண்டியதே. வழக்கமான லேண்ட்லைன் தொலைபேசியில் குரலை நொடிக்கு 8,000 முறை சாம்பிள் செய்கிறார்கள். 5,000 ஹெர்ட்ஸ் ஒலியை முன்கூட்டி வடிகட்டாமல் அந்த வேகத்தில் எடுத்தால், திரும்பக் கேட்பது 3,000 ஹெர்ட்ஸ். ஒலியின் அதிர்வெண்ணைப் போல இரு மடங்குக்கும் மேலான வேகத்தில் சாம்பிள் எடுக்க வேண்டும் என்ற நைக்விஸ்ட் விதியை, இதை ஒருமுறை கேட்ட மாணவர் மறக்கவே மாட்டார்.

ஒலியை அதன் அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டும் ஃபூரியேவுக்கு மிருதங்கத்தைக் கொண்டு வாருங்கள். சாதாரணத் தோல் மேளத்தின் மேல்சுரங்கள் (அடிப்படை ஒலியோடு சேர்ந்து எழும் உயர்ந்த ஒலிகள்) அடிப்படை அதிர்வெண்ணின் முழு மடங்குகளாக அமைவதில்லை. மிருதங்கத்தின் வலது பக்கமான வலந்தலையின் நடுவிலுள்ள கறுப்பு வட்டம் அவற்றை ஏறக்குறைய முழு மடங்குகளுக்கு இழுத்து வருகிறது. சி.வி. ராமன் 1920இலேயே இதை எழுதிவிட்டார். நம் பிள்ளைகள் அதை ஸ்பெக்ட்ரம் என்ற அதிர்வெண் வரைபடத்தில் கண்ணால் பார்க்க இப்போது ஒரு லேப்டாப் போதும்.

நிஜப் பொருளைச் சமன்பாடாக எழுதும் மாடலிங்கும் அப்படியே. 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக 100 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரை பேட்டரியோடு இணைத்தால், ஒரு நொடியில் கெபாசிட்டரில் சுமார் 63 சதவீதம் சார்ஜ் ஏறும். டம்ளர் காபி ஆறுவதும் கிட்டத்தட்ட அதே சமன்பாடுதான்.

கணக்கைக் குறைக்கச் சொல்லவில்லை. லாப்லாஸ் வேண்டும், இசட் டிரான்ஸ்ஃபார்ம் வேண்டும். ஆனால் நான் படித்தபோது தியரி ஒரு செமஸ்டரிலும் லேப் வேறொரு செமஸ்டரிலும் இருந்தன. இரண்டையும் ஒன்றாக வையுங்கள். ஆக்டேவ், சைலாப் போன்ற மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. வினாத்தாளில் ‘ஏன்’ என்று கேட்கும் கேள்வி ஒன்றாவது இருக்கட்டும். வரும் செமஸ்டரின் முதல் வாரத்தில் ஒரே ஒரு பீரியடைப் பலூனுக்கும் படிக்கட்டுக்கும் ஒதுக்குங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய மாணவன்