உப்பளத்து நுண்ணுயிர்களிலும் மரபணுக் கருவியைத் தேட வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தங்கள் நாளிதழின் அறிவியல் பக்கத்தில் மரபணுத் திருத்தம் குறித்து அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். மரபணுவைக் குறிப்பிட்ட இடத்தில் வெட்டி மாற்றும் கிரிஸ்பர் முறையையும், அதற்காக 2020-இல் வேதியியல் நோபல் பரிசு பெற்ற இருவரையும் நல்ல தமிழில் அறிமுகப்படுத்தியிருந்தார்கள். ஆனால் டி.என்.ஏ.வைக் குறிபார்த்து வெட்டக்கூடிய இயற்கைப் புரதம் கிரிஸ்பர் முறையில் பயன்படும் காஸ்9 ஒன்றே என்று வாசகர்கள் எண்ணிவிடக்கூடும் என்பதால், பாளையங்கோட்டையில் மேல்நிலை வகுப்புகளுக்குப் பல ஆண்டுகள் உயிரியல் கற்பித்தவன் என்ற முறையில் விடுபட்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஆர்கோநாட் என்றொரு புரதக் குடும்பம் உண்டு. தாவரங்களிலும் விலங்குகளிலும் இது சிறிய ஆர்.என்.ஏ. துணுக்கு ஒன்றை வழிகாட்டியாக ஏந்திக்கொண்டு, அதனோடு பொருந்தும் செய்தி ஆர்.என்.ஏ.வை, அதாவது புரதம் செய்வதற்கான மரபணுவின் கட்டளையை ஏந்திவரும் நகலை, தேடிப் பிடித்துச் சிதைக்கிறது. அல்லது அதிலிருந்து புரதம் உருவாகாமல் தடுக்கிறது. மரபணு இருந்த இடத்தில் அப்படியே இருக்க, அதன் செயல் மட்டும் அடங்கிவிடுகிறது. 1998-இல் உருளைப்புழுவில் இவ்வாறு மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ. குறுக்கீட்டை விளக்கிக் காட்டியதற்காக ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 2006-இல் நோபல் பரிசு பெற்றார்கள். அந்தச் செயல்பாட்டின் மையத்தில் இருப்பது ஆர்கோநாட் புரதமே. பாக்டீரியாக்களிலும், ஆர்க்கியா எனப்படும் தொல்நுண்ணுயிர்களிலும் உள்ள இதன் உறவுப் புரதங்கள் பலவும் டி.என்.ஏ. துணுக்கை வழிகாட்டியாகக் கொண்டு டி.என்.ஏ.வையே வெட்டுகின்றன. காஸ்9 வெட்டுவதற்கு இலக்கின் அருகே குறிப்பிட்ட டி.என்.ஏ. எழுத்துகள் அமைந்திருக்க வேண்டும். ஆர்கோநாட்டுக்கு அந்த நிபந்தனை இல்லை. குறை என்னவென்றால், காஸ்9 டி.என்.ஏ.வின் இரட்டை இழையைத் தானே பிரித்துவிடுகிறது. ஆர்கோநாட்டுக்கு அது எளிதில் கைகூடுவதில்லை. வெந்நீர் ஊற்றில் வாழும் தெர்மஸ் பாக்டீரியாவின் ஆர்கோநாட்டோ 75 டிகிரி வெப்பத்தில்தான் நன்றாக வேலை செய்கிறது. மனித உடலின் 37 டிகிரிக்கு அது பயன்படாது.

இந்த இடத்தில்தான் நேட்ரோனோபாக்டீரியம் கிரெகோரி என்னும் தொல்நுண்ணுயிரின் கதை முக்கியமாகிறது. இது கென்யாவின் மகாடி ஏரியில், உப்பும் காரமும் மிகுந்த நீரில் கண்டெடுக்கப்பட்டது. இதன் ஆர்கோநாட் மனிதச் செல்லில் மரபணுவைத் திருத்துகிறது என்று 2016 மே மாதம் சீன ஆய்வாளர்கள் அறிவித்தபோது உலகமே பரபரப்படைந்தது. ஆனால் பிற ஆய்வகங்களில் அந்த முடிவு கிடைக்கவில்லை. 2017 ஆகஸ்டில் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. பலரும் அத்தோடு அதைக் கைவிட்டார்கள். அது சரியல்ல என்பது என் கருத்து.

ஏன் என்பதற்கு நம்மூர் உப்பளமே சாட்சி. பழைய திருநெல்வேலி மாவட்டத்தின் பகுதியாக 1986 வரை இருந்த தூத்துக்குடிக்கு ஒரு பங்குனியில் மாணவர்களை அழைத்துச் சென்றிருந்தேன். உப்பு வாருவதற்குச் சில நாள் இருக்கையில் பாத்தி நீர் இளஞ்சிவப்பாக மாறியிருந்தது. உப்பை விரும்பும் தொல்நுண்ணுயிர்களே அந்த நிறத்துக்குப் பெரிதும் காரணம். ஒரு புட்டியில் அந்த நீரைக் கொண்டுவந்து நுண்ணோக்கியில் வைத்தபோது குச்சி குச்சியாகத் தெரிந்தன. பக்கத்தில் ஒரு சொட்டுக் குடிநீர் விட்டதும், அவை உருண்டு, உப்பி, உடைந்து, சில நொடிகளில் காணாமற்போயின. "ஐயா, நல்ல தண்ணி இதுக்கு விஷமா?" என்று கேட்ட மாணவியின் முகம் இன்றும் நினைவிருக்கிறது. இவ்வுயிர்களின் செல்லுக்குள்ளேயே பொட்டாசியம் உப்பு நம் செல்லில் இருப்பதைவிடப் பல மடங்கு நிறைந்திருக்கும். அந்தச் செறிவில்தான் அவற்றின் புரதங்கள் சரியாக மடிந்து உருக்கொள்ளும். ஆகவே கிரெகோரியின் புரதம் மனிதச் செல்லில் தடுமாறியிருந்தால் அதில் வியப்பில்லை. கரையும் நிலையில் அதைப் பெறுவதே பெரும்பாடு. 2021-இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தார் அப்படிப் பெற்று ஆராய்ந்து, அது வழிகாட்டியின்படி டி.என்.ஏ.வில் வெட்டு ஏற்படுத்துவதையும், உப்பு விரும்பிகளின் ஆர்கோநாட்டுக்கே உரிய கூடுதல் பகுதி ஒன்று அதில் பங்காற்றுவதையும் காட்டினார்கள். அதாவது இயற்கையில் கிடைத்ததை அப்படியே எடுத்தால் போதாது. நம் செல்லின் சூழலுக்கேற்ப அதைச் செதுக்கியாக வேண்டும். அதற்கு ஒன்றிரண்டு மாதிரிகள் போதா. பல இடங்களின் இயல்பான வகைகளை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் எந்தப் பகுதியை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்பது தெரியவரும்.

அபிஷேகப்பட்டியில் உள்ள மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகமும் நெல்லை, தூத்துக்குடிக் கல்லூரிகளும் உப்பளத்து நுண்ணுயிர்களைப் பிரித்தெடுத்துப் பெயரிடுவதோடு நின்றுவிடாமல், அவற்றின் மரபணுத் தொகையை வரிசைப்படுத்தி ஆர்கோநாட் மரபணுக்களைத் தேடுவதையும் மாணவர் ஆய்வுகளில் சேர்க்க வேண்டுமென வேண்டுகிறேன். நம் நெல்லையும் வாழையையும் மரபணுத் திருத்தம் செய்வதற்குக் கருவியைக் கண்டுபிடித்தவரிடம் உரிமம் கேட்டு நிற்கும் நிலை வரக்கூடாது என்ற கவலையும் எனக்கு உண்டு.

ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் பாத்திகள் நீரில் மூழ்கி உப்புச் செறிவு குறைந்துவிடும் என்பதால், மாதிரிகளை அதற்கு முன்பே எடுத்துவிட வேண்டும். எந்தக் கல்லூரி முன்வந்தாலும் மாணவர்களுடன் உப்பளத்துக்கு வர நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உயிரியல் ஆசிரியர்,
பாளையங்கோட்டை.