பழைய வள்ளத்துக்கும் ஒரு நோட்டு வேண்டும்

குமரி மாவட்டத்தில் ஆரோக்கியபுரம் முதல் நீரோடி வரையுள்ள கடற்கரை ஊர்களின் கமிட்டிப் பெரியவர்களுக்கும், பங்குத்தந்தையர்களுக்கும், மீனவர் கூட்டுறவு சங்கத் தலைவர்களுக்கும்,

வணக்கம்.

நான் மீன் விற்கிறவள். என் வீட்டுக்காரர் 22 வருடம் மற்றவர்கள் வள்ளத்தில் பங்குக்குப் போனார். எண்ணெய்ச் செலவைக் கழித்து, வள்ளத்துக்கும் எஞ்சினுக்கும் வலைக்கும் எடுத்த பிறகு மிஞ்சுவதில்தான் அவருக்குப் பங்கு. சொந்தமாக ஒரு வள்ளம் இருந்தால் அதற்குரிய பங்கும் வீட்டுக்கு வருமே என்று கணக்குப் போடாத குடும்பம் நம் கரையில் இருக்காது. புதுசு வாங்க வசதியில்லாதவர்கள் பழைய வள்ளத்தைத் தேடுகிறோம். அப்படித் தேடிப் போய் நாங்கள் ஏமாந்தோம். இன்னொரு வீடு ஏமாறக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

இரண்டு வருடத்துக்கு முன்னால், வைகாசி மாதம். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை. அந்த இரண்டு மாதமும் வள்ளத்து மீனுக்கு விலை கிடைக்கும், அப்புறம் கணவாய் மீன் வரும் என்று எல்லாரும் அவசரப்படும் நேரம். வேறொரு ஊரில் 27 அடி ஃபைபர் வள்ளம் ஒன்று எஞ்சினோடு ஒன்றரை லட்சத்துக்கு இருக்கிறது என்று ஒரு புரோக்கர் சொன்னார். விளக்கு வைத்த பிறகுதான் எங்கள் வீட்டு ஆண்கள் போய்ப் பார்த்தார்கள். நீலப் பெயின்ட் அடித்து இரண்டு நாள்கூட ஆகவில்லை, கை வைத்தால் ஒட்டியது. எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் விட்டு ஐந்து நிமிடம் ஓட்டிக் காட்டினார்கள். என் நகையை அடகு வைத்தோம். மீதிக்கு மகளிர் குழுவில் என் பெயரில் கடன் எடுத்தோம்.

முதலில் பிடிபட்டது எடைதான். வந்த புதிதில் எட்டுப் பேர் தள்ளினால் மணலில் ஏறியது. இரண்டு மாதம் கழித்து பன்னிரண்டு பேர் தள்ளியும் நகரவில்லை. ஃபைபர் எப்படிக் கனக்கும் என்று யாருக்கும் புரியவில்லை. ஆவணியில் ஒரு விடியற்காலை, திரும்பி வரும்போது அலை அடிக்கும் இடத்தில் எஞ்சின் மாட்டியிருந்த பின்பலகை பிளந்தது. எஞ்சின் கயிற்றில் தொங்க, வள்ளம் அலைக்குக் குறுக்கே திரும்பிக் கவிழ்ந்தது. நான்கு பேரும் நீந்திக் கரையேறினார்கள். என் வீட்டுக்காரரின் வலது தோள் அன்றைக்கு இறங்கியது. இன்றுவரை அந்தக் கையால் வலையை முழுசாக இழுக்க முடியவில்லை.

ஃபைபர் வேலை செய்யும் மேஸ்திரி வந்தார். நான் பக்கத்தில்தான் நின்றேன். பின்பலகையின் அடியில் ஒரு சின்னத் துளை போட்டார். அதிலிருந்து தண்ணீர் சொட்டவில்லை, ஒழுகியது. பால் விடாத கட்டன்சாயா நிறம், அழுகிய மர வாடை. கீழே ஒரு சிரட்டையை வைத்தேன். நிறைந்தது, கொட்டினேன், திரும்பவும் நிறைந்தது. ஃபைபர் தோலை உரித்தபோது உள்ளே இருந்த பிளைவுட் ஊறின பிண்ணாக்கு மாதிரி கையோடு வந்தது. எஞ்சின் போல்ட்டுக்குப் போட்ட பழைய ஓட்டைகளைச் சரியாக அடைக்காமல் விட்டதால் அந்த வழியே வருடக்கணக்காகத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. அணியத்துப் பெட்டிக்குள், அதாவது வள்ளத்தின் முன்பக்கப் பெட்டிக்குள், மிதப்புக்கு வைத்திருந்த தெர்மாகோலும் தண்ணீர் குடித்திருந்தது. எடை கூடியது அதனால்தான்.

எங்கள் அப்பா காலத்துக் கட்டுமரத்தில் எதையும் மறைக்க முடியாது. கயிற்றை அவிழ்த்தால் மரம் மரமாகத் தெரிந்துவிடும். ஃபைபர் அப்படியில்லை. உள்ளே மரம் அழுகிக் கிடக்கும், மேலே ஒரு கோட் பெயின்ட் அடித்தால் புதுப்பெண் மாதிரி நிற்கும். ஃபைபருக்கு அழிவே இல்லை என்று நம் ஆட்கள் நம்புகிறார்கள். அழியும். தினமும் மணலில் இழுத்து இழுத்து அடிப்பக்கம் தேயும். வெயிலில் மேல்பூச்சு வெளுத்துப் பொடியாகும். நீர் ஊறிய இடத்தில் கொப்புளம் எழும்.

மேஸ்திரி ஒரு ரூபாய் நாணயத்தால் வள்ளத்தைச் சுற்றித் தட்டிக் காட்டினார். நல்ல இடத்தில் சத்தம் கிண்ணென்று வந்தது. உள்ளே பிரிந்த இடத்தில் டொப்பென்று அமுங்கியது. பின்பலகையில் மட்டும் நான்கு இடம் டொப்பென்றது. எஞ்சினின் கியர் ஆயிலை இறக்கினார். அது பால்சாயா மாதிரி வெளுத்திருந்தது. சீல் போய் கடல் தண்ணீர் கலந்திருக்கிறது என்று அர்த்தமாம். எல்லாம் பார்த்து முடிக்க முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை. அந்த முக்கால் மணி நேரம் வாங்குவதற்கு முன்னால் கிடைத்திருந்தால் எங்கள் ஒன்றரை லட்சமும் என் வீட்டுக்காரரின் தோளும் தப்பியிருக்கும்.

காகித விஷயம் இன்னொரு வேதனை. பதிவுச் சான்றில் எங்களுக்கு விற்றவர் பெயர் இல்லை. அவருக்கும் முன்னால் வைத்திருந்தவர் பெயர் இருந்தது. அந்த மனிதர் வேலைக்காக வெளிநாடு போய்விட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் பெயர் மாற்ற வழியில்லை. பெயர் மாறாததால் மானிய மண்ணெண்ணெய் எங்கள் கைக்கு வரவில்லை. 2023-இல் அரசு அந்த அளவை ஒரு படகுக்கு வருடத்துக்கு 3,400 லிட்டரிலிருந்து 3,700 லிட்டராகக் கூட்டி அறிவித்தது. எங்களுக்கு ஒரு லிட்டரும் இல்லை, அத்தனையும் வெளிவிலைக்கு வாங்கினோம். பணத்தைக்கூட விடுங்கள். 2017 ஒக்கி புயலில் எந்தப் படகு, யாருடையது, உள்ளே எத்தனை பேர் என்று ஊர் ஊராகப் பெயர் எழுதித் திரட்டினோமே, அந்த நாட்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். கடலில் ஒரு வள்ளம் காணாமல் போனால் தேடுகிறவர் கையில் இருப்பது அதன் எண்தான். அந்த எண் வேறு யாரோ ஒருவர் வீட்டுக் கதவைக் காட்டினால் நம் ஆட்களை எப்படித் தேடுவது?

பெரியவர்களே, தினமும் ஏலம் போகும் மீனுக்கு ஊரில் கணக்கு எழுதுகிறோம். சண்டை வந்தால் கூடிப் பேசித் தீர்க்கிறீர்கள். உயிரை நம்பி ஏறுகிற வள்ளத்துக்கு மட்டும் ஒரு பக்கம்கூட எழுதி வைப்பதில்லை. ஒவ்வொரு வள்ளத்துக்கும் கமிட்டியில் ஒரு நோட்டு போடுங்கள். எந்த வருடம் கட்டியது, எங்கே கட்டியது, எஞ்சின் எண் என்ன, எப்போது எங்கே அடிபட்டது, யார் ஒட்டுப் போட்டார், இதுவரை எத்தனை கை மாறியது என்று அதில் இருக்கட்டும். வள்ளம் வேறு ஊருக்கு விலைபோனால் நோட்டும் கூடவே போகட்டும். வாங்குகிற ஊர்க் கமிட்டி அதைக் கேட்டு வாங்கட்டும். ஓர் ஊர் மட்டும் செய்தால் நடக்காது, அதனால்தான் எல்லா ஊருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

விற்பனை பகலில் நடக்க வேண்டும். வள்ளத்தைக் கரையேற்றி, நன்றாகக் காய வைத்து, விற்பதற்கென்று புதுப் பெயின்ட் அடிக்காமல் காட்ட வேண்டும். வாங்குகிறவர் பெயின்டை அப்புறம் அடித்துக்கொள்ளட்டும். ஊருக்கு ஒரு மேஸ்திரியாவது தட்டிப் பார்த்துச் சொல்லட்டும், அவருக்கு ஒரு கூலி பேசி வையுங்கள். ஆளும் வலையும் ஏற்றி ஒரு தடவை கடலுக்குள் ஓட்டிப் பார்க்காமல் முன்பணம் கைமாறக் கூடாது. மீதிப் பணத்தில் ஒரு பகுதியைப் பெயர் மாற்றம் முடியும்வரை கமிட்டியே வைத்திருங்கள். விற்கிறவர் தானாகவே மீன்வளத்துறை அலுவலகத்துக்கு வருவார்.

இன்னொன்று. வள்ளம் வாங்கப் பெண்களின் நகை வேண்டும், குழுக் கடன் வேண்டும். பேச்சு நடக்கும் இடத்தில் மட்டும் பெண்கள் வேண்டாமா? கடன் யார் பெயரிலோ, அவரும் நேரில் நின்று வள்ளத்தைப் பார்த்த பிறகுதான் பத்திரத்தில் கையெழுத்து விழ வேண்டும். நான் அன்றைக்குப் போயிருந்தால் ஃபைபரைப் பற்றி ஒன்றும் கண்டுபிடித்திருக்க மாட்டேன். ஆனால் ஏன் இருட்டில் காட்டுகிறீர்கள் என்று கட்டாயம் கேட்டிருப்பேன்.

வள்ளத்துக்குப் புதுப் பின்பலகை போட்டாகிவிட்டது. என் வீட்டுக்காரரின் தோள் சரியாகாததால், வெளிநாட்டில் இருக்கும் அந்த மனிதர் ஊருக்கு வந்து கையெழுத்துப் போட்டதும் அதை விற்கலாம் என்றிருக்கிறோம். அதற்கு நானே ஒரு நோட்டு எழுதி வைத்திருக்கிறேன். பின்பலகை பிளந்த தேதி, உள்ளே இருந்து வந்த தண்ணீர், தெர்மாகோல் மாற்றியது, இன்னும் மாற்றாத கியர் சீல், எல்லாம் அதில் இருக்கிறது. இதைக் காட்டினால் இருபதாயிரமாவது குறைத்துக் கேட்பார்கள் என்று அவர் சொல்கிறார். கேட்கட்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து எங்கள் ஊர்க் கமிட்டி கூடும்போது அந்த நோட்டைக் கொண்டுவந்து மேசையில் வைக்கிறேன்.

இப்படிக்கு,
வள்ளக்காரர் ஒருவரின் மனைவி,
கன்னியாகுமரி மாவட்டம்