கலால் அமைச்சருக்கு

அன்புள்ள அமைச்சரே,

எட்டு மாதமாகப் பதில் போடாத குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இங்கே எல்லாரும் நலம். விஷயத்துக்கு வருகிறேன்.

நாம் கற்பனையில் கட்டிய ஏழு நாடுகளின் வெண்கரை நோட்டைப் பரணிலிருந்து இறக்கி மறுபடி எழுத உட்கார்ந்தேன். என் மகள் படித்துவிட்டு ஒரே கேள்வியில் கவிழ்த்துவிட்டாள்: "வெண்கரையில் 16 வயதில் படையில் சேர்க்கிறார்கள், மதுவுக்கு மட்டும் ஏன் 21?" சட்டத்தில் கையெழுத்துப் போட்டவன் நீ, திருதிருவென்று விழித்தது நான்.

ஏழு நாடுகளில் ஆறுக்கு 21 என்று எழுதித் தள்ளியிருக்கிறோம். மலைநாடு, பாலைநாடு, மன்னராட்சி, மக்களாட்சி எல்லாவற்றுக்கும் ஒரே எண்! உப்புத்தீவுக்கு மட்டும் நீ 18 போட்டிருக்கிறாய். யாருக்காக என்று எனக்குத் தெரியும். எழுதி உன் வீட்டில் கலகம் மூட்டமாட்டேன்.

ஒரு வாரமாக நிஜ நாடுகளைத் துருவினேன். நம் கற்பனைதான் வறட்சி. ஜெர்மனியில் பீருக்கும் ஒயினுக்கும் 16, காய்ச்சி வடித்ததற்கு 18. ஸ்வீடனில் மதுக்கூடத்தில் 18 வயதில் குடிக்கலாம். அரசுக் கடையில் புட்டி வாங்க 20 ஆகவேண்டும். ஜப்பான் 2022இல் வயதுவந்தோர் வரம்பை 18ஆக இறக்கியது, மதுவுக்கு மட்டும் 20ஐ விடவில்லை. தென்கொரியாவில் பிறந்தநாளைப் பார்ப்பதில்லை. 19 நிறையும் ஆண்டின் ஜனவரி 1 வந்தால் போதும். இதை நம் ஏழாறு நாட்டுக்குத் திருடிக்கொண்டேன்: அங்கே வெள்ளம் வடியும் நாளில் ஊருக்கே ஒரு வயது கூடும்.

தூங்கவிடாதது அமெரிக்கக் கதை. 1971இல் வாக்குரிமை வயது 18 ஆனது. அதையொட்டிப் பல மாநிலங்கள் மது வயதையும் குறைத்தன, சில மறுத்தன. எல்லை தாண்டிப் போய்க் குடித்துவிட்டு இரவில் கார் ஓட்டித் திரும்பிய பிள்ளைகள் சாலையில் செத்தார்கள். 'இரத்த எல்லைகள்' என்றே பெயர் வந்துவிட்டது. 1984இல் மத்திய அரசு சுற்றுவழியில் வந்தது: 21ஆக உயர்த்தாத மாநிலத்துக்கு நெடுஞ்சாலை நிதியில் வெட்டு. 1988க்குள் எல்லா மாநிலங்களும் பணிந்தன.

வெண்கரைக்கும் உப்புத்தீவுக்கும் நடுவே பாலம் வரைந்தவன் நான். ஒரு கரையில் 21, மறுகரையில் 18. கதையில் இரவு இரண்டு மணிக்கு அந்தப் பாலத்தில் ஒரு வண்டி வருகிறது. ஓட்டுகிறவனுக்கு நம் குட்டையனின் சிரிப்பு வந்து ஒட்டிக்கொண்டது. மூன்று இரவாக அந்தப் பத்தி அப்படியே நிற்கிறது. அன்றைக்கு அவன் கையிலிருந்து சாவியைப் பிடுங்கியிருக்கலாம் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை.

உப்புத்தீவை உயர்த்தவா, வெண்கரையை இறக்கவா, பாலத்தையே அழித்துவிட்டுப் படகு விடவா? பச்சை மையில் பதில் போடு. தபால்தலை ஒட்டாமல் அனுப்பினால் இந்த முறை காசு கட்டி வாங்கமாட்டேன்.

உன்,
வரைபடக்காரன்