பாம்பு, பல், கடல்: ஞாயிறு இதழின் கனவுப் பலன்

ஆசிரியருக்கு வணக்கம்,

தங்கள் ஞாயிறு இதழில் சில வாரங்களாக, கனவில் வரும் சின்னங்களுக்கு உளவியல் அர்த்தம் சொல்லும் பத்தி ஒன்று வருகிறது. எங்கள் வீட்டில் முதலில் புரட்டப்படும் பக்கம் அதுதான், இராசிபலன்கூடப் பிறகுதான். பாம்பு வந்தால் அடக்கி வைத்த ஆசை, பல் விழுந்தால் தன்னம்பிக்கைக் குறைவு, கடல் வந்தால் பொங்கும் உணர்ச்சி என்று ஆளுக்கு ஒரு வரியில் தீர்ப்பு. அடியில் ஒரு பரிகாரமும் உண்டு. என் பார்வையில் இது பஞ்சாங்கத்துக் கனவுப் பலன்தான். இழவு, தனலாபம் என்றிருந்த இடங்களில் ஆழ்மனம், பதற்றம் என்று மாற்றியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

பத்தியாளர் வாராவாரம் உளப்பகுப்பாய்வைத் தொடங்கிய மருத்துவர் பிராய்டை இழுக்கிறார். பிராய்டின் கனவு நூல் 1899 நவம்பரில் வந்தது. அட்டையில் 1900 என்று போட்டார்கள். ‘இது வந்தால் அது’ என்ற பட்டியல் முறையை விட்டு விலகித்தான் அவர் தொடங்குகிறார். கனவைத் துண்டு துண்டாக எடுத்து, இதை நினைத்தால் உனக்கு என்ன ஞாபகம் வருகிறது என்று கண்டவரையே கேட்பதுதான் அவர் வழி. பிந்திய பதிப்புகளில் சின்னங்கள் பற்றிய பகுதி பெருத்துக்கொண்டே போனது உண்மை. ஆனால் சின்னத்தை மட்டும் பிடித்துக்கொண்டு கண்டவரின் நினைவுகளைக் கைவிடாதீர்கள் என்று அவரே அங்கே எச்சரிக்கிறார். பிராய்டோடு எத்தனையோ விடயங்களில் முரண்பட்டுப் பிரிந்த உளவியலாளர் யுங்கும் நிலையான பொருள் அட்டவணையை ஏற்கவில்லை. இவ்வளவு ஏன், கி.பி. 2ஆம் நூற்றாண்டில் கனவுப் பலன் நூலே எழுதிய கிரேக்கர் ஆர்ட்டெமிடோரஸ்கூட, கண்டவர் யார், என்ன தொழில், ஏழையா பணக்காரரா என்று விசாரிக்கச் சொல்கிறார். நம் பத்தியில் அந்த விசாரணையும் இல்லை.

கடலையே எடுத்துக்கொள்ளுங்கள். கொழும்பு வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டினால் கடல். இங்கே வளர்ந்த பிள்ளைக்குக் கடல் என்றால் பின்னேரக் காற்று, காலிமுகத்திடலில் இறால் வடை, குடைக்குள் இருக்கும் காதல் ஜோடிகள். அதே தொடர்மாடியின் மேல் வீட்டுக்காரர் சுனாமி வந்த 2004 டிசம்பர் 26ஆம் திகதி முல்லைத்தீவில் இருந்தவராக இருந்தால்? பக்கத்து வீட்டு ஐயா, போருக்குத் தப்பி மன்னாரில் இருந்து இரவோடு இரவாகப் படகேறி இராமேஸ்வரம் போய்த் திரும்பியவராக இருந்தால்? ‘பொங்கும் உணர்ச்சி’ என்ற ஒரு வரி இவர்களில் யாருக்குப் பொருந்தும்? பாம்பும் அப்படித்தான். வயலில் நின்றவருக்கு அது கடியும் ஆஸ்பத்திரியும். நாகதம்பிரானுக்கு நேர்த்தி வைத்த அம்மாவுக்கு அது இன்னும் தீர்க்காத நேர்த்திக்கடன். போன வாரம் நெருப்புக்கு ‘வெளிக்காட்டாத கோபம்’ என்று எழுதியிருந்தீர்கள். 1983 ஜூலைக் கலவரத்தில் இதே நகரத்தில் தன் வீடு எரிந்ததைப் பார்த்த ஒருவர் அதை வாசித்திருப்பார் என்று யாரும் யோசிக்கவில்லையா?

பத்தியில் இதுவரை வராத ஒரு கனவு, எனக்குத் தெரிந்த பாதிப் பேர் காண்பது: பள்ளி முடிவில் எழுதும் ஏ.எல். (உயர்தர) பரீட்சை. மணி அடித்துவிட்டது, அனுமதி அட்டையைக் காணோம், வினாத்தாளில் இருப்பது படிக்காத பாடம். காண்பவரோ வங்கி முகாமையாளராக இருந்து ஓய்வு பெற்றவர், பேத்தியே ஏ.எல். முடித்துவிட்டாள். இந்தக் கனவைப் பற்றி பிராய்ட் எழுதியிருப்பது சுவாரசியமானது. கனவில் வருவது தவறிய பரீட்சை அல்ல, தேறிய பரீட்சைதானாம். மறுநாள் ஏதோ பொறுப்பு காத்திருக்கும் இரவில் அது வருகிறது. அன்றைக்கும் இப்படித்தான் பயந்தாய், கடைசியில் தேறினாய்தானே என்று மனம் ஆறுதல் சொல்கிறது என்பது அவர் விளக்கம். ஆறுதல் என்பது எனக்கு அவ்வளவாக ஒப்பவில்லை. பெறுபேறு வரும்வரை வீட்டில் நடந்த பேச்சு இன்னும் காதில் கிடக்கிறது என்றுதான் நினைக்கிறேன். நம் ஆட்களைக் கேட்டால் வேறு வேறு கதை வரும். அதைக் கேட்டுப் போட்டாலே பத்தி நிறையும்.

பல் விழுந்தால் வீட்டில் சாவு என்பார் அம்மம்மா. 2018இல் இஸ்ரேலிய ஆய்வாளர்கள் இருவர் இந்தக் கனவைத் தனியாக ஆராய்ந்தார்கள். மன உளைச்சலோடு அதற்குத் தொடர்பு தெரியவில்லை. காலையில் எழும்பும்போது பல்லிலோ முரசிலோ தாடையிலோ இறுக்கம் இருந்தவர்களிடம்தான் அது கூடுதலாக இருந்தது. பல் விழும் கனவு கண்டு உங்கள் பத்திக்கு எழுதிய தங்கைக்கு, முதலில் பல் வைத்தியரிடம் போகச் சொல்லியிருக்கலாம். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்பதும் இப்படித்தான். மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் தூக்கக் கட்டத்தை 1953இல் சிக்காகோவில் கண்டறிந்து சொன்னார்கள். தெளிவான கனவுகள் பெரும்பாலும் அதில்தான். விடியும் பக்கம் அது நீளும், அதிலிருந்தே நாம் எழும்புவோம், ஆகவே அந்தக் கனவு ஞாபகத்தில் நிற்கும். ஞாபகம் உள்ள கனவைத்தானே பலித்ததாகச் சொல்ல முடியும்?

பரிகாரத்துக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தில் கண்ணகி தன் கெட்ட கனவைச் சொன்னதும், குளத்தில் மூழ்கிக் காமவேளைத் தொழு என்கிறாள் தோழி தேவந்தி. கண்ணகி ‘பீடன்று’, அது பெருமையல்ல என்று மறுத்துவிடுகிறாள். (பிறகு கனவு பலித்ததே என்று யாரும் எனக்குப் பதில் எழுத வேண்டாம், அது காப்பியம்.) ஆனால் போர்க்காலத்து ஹெலிச் சத்தம், பங்கர், யாரையோ தேடி ஓடுவது என்று ஒரே பயங்கரக் கனவு வருடக்கணக்காக வருகிறவர்களுக்கு விளக்கேற்றச் சொல்லி அனுப்புவது சரியல்ல. அதற்குச் சிகிச்சை இருக்கிறது. பகலில் விழித்திருக்கும்போது அந்தக் கனவின் போக்கைத் தானே மாற்றி எழுதி, தினமும் சில நிமிடம் மனதில் ஓட்டிப் பார்ப்பது ஒரு முறை. பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் செய்து பார்த்தபோது பயங்கரக் கனவுகள் குறைந்ததாக 2001இல் அமெரிக்க மருத்துவ சங்கத்தின் சஞ்சிகையில் ஆய்வு வந்தது. இதைத் தனியாக முயலாமல் உளவளத்துணையாளர் ஒருவரின் உதவியோடு செய்வது நல்லது.

பத்தியை நிறுத்தச் சொல்லவில்லை. நிறுத்தினால் எங்கள் வீட்டிலேயே சண்டை வரும். கனவை அனுப்பும் வாசகரிடம் வயது, தொழில், முதல் நாள் என்ன நடந்தது, அந்தப் பொருளை நினைத்தால் என்ன ஞாபகம் வருகிறது என்று நான்கு கேள்வி கேட்டு, அவர் பதிலையும் சேர்த்துப் போடுங்கள். பரிகாரம் வரும் இடத்தில் தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அச்சிடுங்கள்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.