சாப்பிட மறுக்கும் தாடி ஓணானுக்கு முதலில் சூடு, பிறகுதான் உணவு: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பார்ந்த வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

மழையும் மூடுபனியும் தொடங்கிவிட்டால் எங்கள் கடையில் ஒரே கேள்விதான்: “பியர்டட் டிராகன் சாப்பிட மாட்டேன் என்கிறது, பசி எடுக்க ஏதாவது மருந்து இருக்கிறதா?” உங்கள் கவலை எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் அப்படியொரு மருந்தை நாங்கள் விற்பதில்லை. அதற்கான காரணத்தையும், வீட்டில் நீங்கள் செய்ய வேண்டியதையும் விளக்கவே இந்த மடல்.

பியர்டட் டிராகன் எனப்படும் தாடி ஓணான் அவுஸ்திரேலியாவின் உட்பகுதி வறண்ட நிலத்துப் பிராணி. அதன் உடல் தானாகச் சூட்டை உண்டாக்காது. வெயிலில் கிடந்து உடல் 35 பாகை அளவுக்குச் சூடேறினால்தான் வயிறு வேலை செய்யும். நாம் வாழ்வதோ மலைநாட்டில். ஹட்டன் 1,200 மீற்றருக்கு மேல் இருக்கிறது. நுவரெலியாவோ ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரம். ஆண்டுச் சராசரி வெப்பநிலையே 16 பாகைதான். இந்தக் குளிரில் வயிற்றுக்குள் போன இரை செரிக்காமல் கிடந்து அழுகும். ஆகவே குளிர்ந்துபோன ஓணான் வாயைத் திறக்க மறுப்பது பிடிவாதமல்ல, தன்னைக் காத்துக்கொள்கிறது. அந்த நிலையில் வாயைப் பிளந்து உணவைத் திணித்தால் நோயை நாமே கொடுத்தவர்களாவோம்.

“விளக்குப் போட்டிருக்கிறோம், சூடாகத்தான் இருக்கிறது” என்று பலர் சொல்கிறார்கள். கையால் தொட்டு முடிவு செய்யாதீர்கள். கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியையும் நம்ப வேண்டாம். அது சுவரோரக் காற்றின் சூட்டைத்தான் காட்டும். ஓணான் படுக்கும் கல்லின் மேற்பரப்பை அளக்க வேண்டும். வளர்ந்த ஓணானுக்கு அந்த இடம் 38 முதல் 42 பாகை வரை இருக்கட்டும். தொட்டியின் மறுமுனை 25 முதல் 28 வரை இருந்தால் போதும். சூடு அதிகமானால் ஒதுங்க அதற்கு ஓர் இடம் வேண்டும். இரவில் 18 பாகைக்குக் கீழே இறங்க விடாதீர்கள். நம் ஊர் மார்கழி, தை இரவுகளில் வெளிச்சம் தராத பீங்கான் சூடாக்கியும் அதற்கொரு வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் இல்லாமல் இது நடக்காது. காற்றோட்டத்தை அடைக்காமல் தொட்டியின் மூன்று பக்கமும் ரெஜிபோம் பலகை வைத்தால் சூடு தங்கும். 2022 மார்ச் இறுதியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மின்சாரம் நின்றால் வெந்நீர்ப் போத்தலைத் துவாயில் சுற்றித் தொட்டிக்குள் ஓரமாக வையுங்கள். கரியடுப்பை மட்டும் பக்கத்தில் கொண்டுபோக வேண்டாம். மூடிய அறையில் அந்தப் புகை ஓணானுக்கும் ஆகாது, உங்களுக்கும் ஆகாது.

அடுத்தது புற ஊதா விளக்கு. ஜன்னல் கண்ணாடி வழியே வரும் வெயிலில் ஓணானுக்குத் தேவையான கதிர் இல்லை. கண்ணாடி அதைத் தடுத்துவிடுகிறது. அந்தக் கதிர் கிடைக்காவிட்டால் உடலில் டி3 உயிர்ச்சத்து உருவாகாது, உணவிலுள்ள கல்சியமும் எலும்பில் சேராது. கால்விரல் துடிப்பது, தாடை இரப்பர் போல வளைவது, நடக்கும்போது வயிற்றைத் தரையில் இழுப்பது எல்லாம் அதன் விளைவுகள். தாடை வலிக்கும் பிராணி எப்படி மெல்லும்? குழாய் விளக்கு பார்ப்பதற்குப் பளிச்சென்று எரிந்தாலும் கதிரின் வலு மெல்லக் குறையும். ஆகையால் ஆண்டுக்கொரு முறையாவது மாற்றுங்கள். விற்பனைக்காக இதைச் சொல்லவில்லை. வானம் வெளுத்த காலையில் கம்பிவலைக் கூட்டில் வைத்து அரை மணி நேரம் வெளியே காட்டினாலும் நல்லது, அருகில் நீங்கள் இருந்தால்.

சூடும் வெளிச்சமும் சரியாக இருந்தும் சாப்பிடவில்லையா? தோலுரிக்கும்போதும் புது வீட்டுக்கு வந்த புதிதிலும் சில நாள் உண்ணாதிருப்பது வழக்கம். ஒரு வயது கடந்தவை குளிர்கால உறக்கத்துக்கும் போகலாம். அப்படி உறங்கும் ஓணானின் எடை அதிகம் குறையாது. குட்டி சாப்பிடாமல் கிடந்தால் அதை உறக்கம் என்று எண்ணிக் காத்திருக்கக் கூடாது. சமையலறைத் தராசில் வாரமொரு முறை நிறுத்து எழுதிவையுங்கள். பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மிருக வைத்தியரிடம் போக வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பெண் ஓணான் வைத்திருப்பவர்கள் இதைக் கவனித்து வாசியுங்கள். ஆண் துணை இல்லாமலும் அது முட்டை வைக்கும். வயிறு புடைத்து, உணவை விட்டு, தொட்டியின் மூலைகளை முன்கால்களால் ஓயாமல் கீறத் தொடங்கினால் முட்டையிட இடம் தேடுகிறது என்று பொருள். ஈரமண் நிரப்பிய ஆழமான பெட்டியை உடனே வையுங்கள். கீறுவதை நிறுத்தி முட்டையிடாமல் சோர்ந்து படுத்துவிட்டால் முட்டை சிக்கியிருக்கலாம். அது உயிருக்கு ஆபத்து.

சாப்பிடாத நாட்களில் நீர்தான் முக்கியம். வெதுவெதுப்பான நீரை ஓணானின் முழங்கை மூழ்கும் அளவு ஊற்றி, அதில் அதைப் பதினைந்து நிமிடம் நிற்க விடுங்கள், பிறகு நன்றாகத் துடைத்துச் சூட்டில் விடுங்கள். மூக்கு நுனியில் ஒவ்வொரு துளியாக விட்டால் நக்கிக் குடிக்கும். தொண்டைக்குள் பீய்ச்ச வேண்டாம். மூச்சுத் துவாரம் நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. உண்ணாமல் விட்ட சுவர்க்கோழிப் பூச்சிகளை மாலையில் பொறுக்கி எடுத்துவிடுங்கள். இரவில் அவை சோர்ந்து கிடக்கும் ஓணானின் விரலையும் கண்ணோரத்தையும் கடிக்கும். காலையில் சிறு சிவந்த புண்களாகத்தான் அது தெரியவரும்.

தேயிலை மலையிலும் மரக்கறித் தோட்டத்திலும் பிடித்த வெட்டுக்கிளியைக் கொடுக்காதீர்கள், மருந்தடித்த இடங்கள் அவை. மின்மினி கொடிய நஞ்சு. அமெரிக்காவில் மின்மினியைத் தின்ற தாடி ஓணான்கள் இறந்த செய்தி மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளது. லீக்ஸ், வெங்காயம், பட்டர் பழம் கூடாது. பூசணித் துருவலும் கரட்டும் நல்லவை.

நாள் முழுவதும் கறுத்த தாடி, வாயோரம் சளி, இரத்தம் கலந்த மலம், இழுபடும் பின்னங்கால்: இவற்றில் ஒன்றைக் கண்டாலும் எங்களிடம் வராதீர்கள், நேரே வைத்தியரிடம் போங்கள். பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்திய பீடத்தில் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஹட்டனிலிருந்து நாவலப்பிட்டி, கம்பளை வழியாகப் போகலாம். குடல் ஒட்டுண்ணியும் உணவு மறுக்கக் காரணமாவதால், புதிய மலத்தைச் சிறு டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். தொட்டியின் படமும் விளக்கின் பெட்டியும் கையிலிருக்கட்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் வேண்டாம். பெட்டிக்குள் சுற்றிய வெந்நீர்ப் போத்தல் ஒன்று வையுங்கள்.

வெளிநாட்டு ஊர்வனவற்றை இலங்கைக்குக் கொண்டுவர வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எனவே நாங்கள் உயிருள்ள ஓணான்களை விற்பதில்லை. ஹோர்ட்டன் சமவெளிப் பக்கத்துக் கொம்பு ஓணான்களை யாராவது பிடித்துத் தந்தாலும் வாங்காதீர்கள். அவை சட்டத்தால் பாதுகாக்கப்பட்டவை.

கல்லின் சூட்டை அளக்கும் வெப்பமானியைக் கடையில் இரவல் தருகிறோம், கட்டணம் இல்லை. காலை, மதியம், இரவு அளவுகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். அதைப் பார்த்த பிறகே எந்த விளக்கு தேவை என்று சொல்வோம்.

இப்படிக்கு,
செல்லப்பிராணிப் பொருட்கள் விற்பனை நிலையத்தினர்,
ஹட்டன்.