நாலரை மீட்டர் துணி

அன்புள்ள கண்ணம்மா,

“நான் நானாக இருக்கத்தான் பாக்ஸிங்” என்று எழுதியிருந்தாய். சரி, கையில் துணி சுற்றுவதிலிருந்தே தொடங்குவோம். நாலரை மீட்டர் துணியாக வாங்கு. அதைவிடக் குட்டையானது விரல்முட்டிக்கு வரும்போது தீர்ந்துவிடும். மணிக்கட்டில் மூன்று சுற்று, முட்டிகளின் மேல் மூன்று சுற்று, பிறகு விரல் இடுக்குகள். சுற்றும்போது விரல்களை விரித்தே வை. ஒட்டிவைத்துச் சுற்றினால் முஷ்டி மடக்கியதும் இறுக்கிப் பிடித்து விரல் மரத்துப்போகும்.

ரோமப் பேரரசர் மார்கஸ் அவுரேலியஸ் தன் குறிப்பேட்டில் ஒன்று எழுதிவைத்தார்: வாள்வீரன் வாளைக் கீழே வைப்பான், மறுபடி தேடி எடுப்பான், வெறுங்கைச் சண்டைக்காரன் கையை மடக்கினால் போதும். கொள்கையும் இப்படிக் கூடவே இருக்க வேண்டும் என்றார். படித்துத் தலையாட்டுவது சுலபம். கை தானாக மடங்கும் அளவுக்குப் பழகுவதுதான் பாடு.

பன்ச் பேக்கின் முன்னால் எல்லோரும் வீரர்தான், அது திருப்பி அடிக்காதே! உன் ஜாபை, அதாவது இடக்கையால் நேராக விடும் குத்தை, கவனி. குத்திய இடக்கை நேராகக் கன்னத்துக்குத் திரும்புகிறதா, வயிற்றுப் பக்கம் சரிந்து மேலேறுகிறதா? சரிந்தால் அந்த இடைவெளியில் எதிராளியின் வலக்கை உள்ளே வரும். தோள் களைத்த மூன்றாவது நிமிடத்தில்தான் இது நடக்கும். போன குத்தை நீயே ரசித்துக்கொண்டு நின்றாலும் நடக்கும். இன்னொன்று, குத்துக்கு முன் முழங்கை வெளியே விரிவது. “இதோ வருகிறேன்” என்று சொல்லி அனுப்பியது போல. இடத்தோளைச் சுவரை ஒட்டி வைத்து மெதுவாகக் குத்திப் பார், விரிந்தால் முழங்கை சுவரில் இடிக்கும். வெறும் ஜாப் மட்டும், மூன்று நிமிடம் குத்து, ஒரு நிமிடம் ஓய்வு, மூன்று ரவுண்ட். சலிப்பாகத்தான் இருக்கும்.

“நான் பிறவியிலேயே கோபக்காரி” என்றும் எழுதியிருக்கிறாய். தன்னை மாறாத ஒரு பொருள்போல நினைத்துக்கொள்வதைத் தன்னையே ஏமாற்றுவது என்றார் பிரெஞ்சுத் தத்துவவாதி சார்த்ர். வாங்கிய குத்துக்குப் பதிலாகக் கண்ணை மூடிப் பாய்வது பிறவிக்குணம் இல்லை, பழக்கம். மூச்சை விடு, பக்கவாட்டில் ஒரு அடி வை, பிறகு ஜாப். கூட்டாளியை மெதுவாகத் தொடச் சொல்லி இந்த மூன்றையும் பழகு. பழக்கத்தைப் பழக்கத்தால்தான் மாற்ற முடியும்.

ஸ்பாரிங்குக்கு, அதாவது எதிராளியோடு மோதும் பயிற்சிச் சண்டைக்கு, பதினாறு அவுன்ஸ் கிளவுஸும் மவுத்கார்டும் இல்லாமல் ஏறாதே. தலைக்கவசம் வெட்டுக்காயத்தைக் குறைக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. தலைவலி, குமட்டல், வெளிச்சம் கூசுவது, இதில் எது இருந்தாலும் அன்றைக்கு அதோடு நிறுத்து. டாக்டர் சரி என்று சொல்லும்வரை ஸ்பாரிங் கிடையாது. கோச் கேட்டால் “ஒன்றுமில்லை” என்று மட்டும் சொல்லிவிடாதே அம்மா.

அன்புடன்,
அப்பா