பேச்சுப் போட்டி முடிந்த கையோடு சாந்திக்கு

கீழக்கரை

அன்புள்ள சாந்தி,

உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் போடவில்லை, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டிக்கொள். இங்கே எல்லாரும் நலம். அம்மாவின் முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது. தம்பி பெருநாளுக்கு வந்துவிட்டு துபாய் திரும்பிவிட்டான். பாம்பனில் புதுப்பாலம் திறந்ததும் ரயிலேறி வருகிறேன் என்றாயே, 2025 ஏப்ரலிலேயே திறந்தாயிற்று. ஊர் உலகமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகிறது, காரைக்குடிக்காரி மட்டும் இன்னும் பெட்டி கட்டுகிறாள். சரி, அந்தச் சண்டையை நேரில் வைத்துக்கொள்வோம்.

எழுத உட்கார்ந்த காரணம் வேறு. போன சனிக்கிழமை பள்ளிகளுக்கான ஆங்கிலப் பேச்சுப் போட்டி ஒன்றுக்கு நடுவராகப் போயிருந்தேன். வந்ததிலிருந்து மனசு ஆறவில்லை. உன்னைத் தவிர வேறு யாரிடம் சொல்வது?

தலைப்பு 'என் ஊர்'. பாம்பன் பக்கத்திலிருந்து வந்த ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை, அம்மா பாசி எடுக்கப் போவதைப் பற்றிப் பேசியது. விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, இடுப்பில் வலைப்பையோடு அம்மா கடலில் இறங்குவதைச் சொல்லிக்கொண்டே வந்தது. "அம்மா தலை தண்ணிக்குள்ள போனதும் நான் எண்ண ஆரம்பிப்பேன்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு அப்படியே நிறுத்திவிட்டது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எங்களையே பார்த்தது. மண்டபத்தில் ஒரு சத்தம் இல்லை. அப்புறம் "இப்ப வந்துட்டாங்க" என்றது. எனக்கு மேலெல்லாம் சிலிர்த்துவிட்டது, டி.

அந்த இடத்துக்குப் பக்கத்து நடுவர் மதிப்பெண் தாளில் என்ன எழுதியிருந்தார் தெரியுமா? 'தயக்கம்'. சரளத்தில் நான்கு மார்க் போய்விட்டது. வினைச்சொற்களில் அங்கங்கே பிழை இருந்தது, அது உண்மை. அதற்கு இலக்கணத்தில் குறைத்தார், உச்சரிப்பில் குறைத்தார், 'மொத்தத் தோற்றம்' என்று ஒரு கட்டம், அதிலும் குறைத்தார். ஒரே பிழைக்கு மூன்று தண்டனை.

முதல் பரிசு வாங்கிய பையன் அப்துல் கலாமைப் பற்றி மனப்பாடமாகச் சொன்னான். குரல் கணீரென்று இருந்தது. நடுவில் ஒரு வரி மறந்ததும் முந்தின பத்தியின் தொடக்கத்துக்குப் போய் மறுபடியும் ஒப்பித்தான். அவன் ஆரம்பித்த அதே பத்தியோடு இன்னும் இரண்டு பிள்ளைகள் ஆரம்பித்தார்கள்! பையன் மேல் எனக்குக் கோபமே இல்லை. சொல்லிக்கொடுத்ததை ஒழுங்காகச் செய்தான். தாள்தான் கோணல்.

1920-லேயே அமெரிக்க உளவியலாளர் தார்ன்டைக் இதைக் காட்டிவிட்டார், பி.எட்.டில் படித்தோமே. ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருப்பவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளைப் பார்த்தார். ஒருவரின் ஒரு குணம் பிடித்துப்போனால் மற்ற எல்லாக் குணத்துக்கும் மதிப்பு கூடிவிடுகிறது. எங்கள் தாளிலும் அதேதான். கணீர்க் குரல் கேட்டதும் ஐந்து கட்டங்களிலும் எட்டு, எட்டு, எட்டு.

வீட்டுக்கு வந்து ஐரோப்பிய கவுன்சிலின் 2001-ஆம் வருட மொழித்திறன் அளவுகோலை எடுத்துப் பார்த்தேன், அந்த ஏ1 முதல் சி2 வரை போகும் ஆறு படிகள். சபையில் பேசுவதற்கென்றே அதில் தனி அட்டவணை இருக்கிறது. ஏ2 படியில் ஒத்திகை பார்த்த சின்னப் பேச்சு போதும். பி1-ல், தெரிந்த விஷயத்தைப் பற்றித் தயார் செய்து, பெரும்பாலும் சிரமமில்லாமல் புரியும்படி சொல்ல வேண்டும். இரண்டு படியிலுமே பேசி முடித்தபின் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கேட்பவர் வேகமாகப் பேசினால் திரும்பச் சொல்லுங்கள் என்று கேட்கலாம் என்றுகூட பி1-ல் எழுதியிருக்கிறார்கள். 2020-ல் வந்த அதன் துணைத் தொகுதி உச்சரிப்பைப் பற்றிச் சொல்லும்போது, தாய்மொழிக்காரர் மாதிரி ஒலிக்கிறதா என்பதை விட்டுவிட்டு, கேட்பவருக்குப் புரிகிறதா என்பதை முன்னே வைக்கிறது. நம் போட்டிகளில் யாராவது ஒரு கேள்வி கேட்டுப் பார்த்திருக்கிறோமா, சாந்தி? ஒரே ஒரு கேள்வி போதும், மனப்பாடம் எது, சொந்தப் பேச்சு எது என்று தெரிந்துவிடும்.

இலக்கணத்தை விட்டுவிடச் சொல்கிறாயா என்று நீ புருவத்தைத் தூக்குவது இங்கே தெரிகிறது. விடச் சொல்லவில்லை. அதற்கு ஒரு கட்டம் இருக்கட்டும், ஒன்றே ஒன்று. அமெரிக்கக் கல்லூரிகளுக்காக 2012-ல் தயாரித்த ஒரு மதிப்பீட்டுத் தாளில் 11 கூறுகள் இருக்கின்றன, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, எதற்கு எத்தனை என்று விளக்கத்தோடு. நம் பிள்ளைகளுக்கு 11 அதிகம். ஆறாகக் குறைத்து நானே ஒன்று எழுதியிருக்கிறேன்: சொல்லவந்த விஷயம், அதை அடுக்கிய விதம், கேட்பவர்களைப் பார்த்துப் பேசுவது, குரலும் தெளிவும், மொழி, கேள்விக்குப் பதில். மூன்றாவதற்கு இப்படி: மண்டபம் முழுக்கப் பார்த்துப் பேசினால் 4, நடுவர் மேசையை மட்டும் பார்த்தால் 2, தாளைவிட்டுத் தலையே நிமிரவில்லை என்றால் 0. நிறுத்தம் பற்றித் தனியாக ஒரு வரி சேர்த்திருக்கிறேன். வார்த்தை கிடைக்காமல் நிற்பதும் வேண்டுமென்றே நிறுத்துவதும் வேறு வேறு. நிறுத்திய பிறகு வரும் வாக்கியத்தைக் கேட்டால் எது என்று புரிந்துவிடும்.

அந்தப் பிள்ளை வெளியே வரும்போது அதன் டீச்சரிடம் "இனிமே இங்கிலீஷ்ல பேச மாட்டேன் மிஸ்" என்று சொன்னதைக் காதால் கேட்டேன். பயம் ஏற்கெனவே நிறைய இருக்கிற இடம் இது. வீட்டில் ஆங்கிலம் கிடையாது, தெருவில் கிடையாது, பள்ளியில்தான் வாயைத் திறந்து பார்க்கிறார்கள். அங்கே நாம் போடும் மார்க் அந்த வாயை மூடிவிட்டால், அந்தப் பிள்ளை எங்கே போய்ப் பேசும்? இது எனக்குத் தூக்கத்தைக் கெடுக்கிறது. அந்த டீச்சரைத் தேடிப்பிடித்துப் பேசினேன், பிள்ளையைக் கூப்பிட்டுச் சொல்கிறேன் என்றார்.

உன்னால் ஒரு வேலை ஆக வேண்டும். என் வகுப்புப் பிள்ளைகள் எட்டுப் பேரின் பேச்சைப் பதிவு செய்து பென்டிரைவில் அனுப்புகிறேன். புதுத் தாளை வைத்து நீ தனியாக மார்க் போடு. என் மார்க் ஒட்டிய உறையில் இருக்கும், நீ போட்டு முடிக்கும்வரை பிரிக்காதே. பேராசை பிடித்த உன் விரல்கள் எனக்குத் தெரியும், ஹாஸ்டல் பார்சல்கள் சாட்சி. எந்தக் கட்டத்தில் நமக்குள் இரண்டு மார்க்குக்கு மேல் வித்தியாசம் வருகிறதோ, அதன் விளக்கத்தைத் திருத்தி எழுத வேண்டும். மூன்றாவது பேச்சில் நிச்சயம் சண்டை வரும். பத்தாம் தேதிக்குள் அனுப்பிவிடு, எங்கள் பள்ளிப் போட்டிக்கு அதற்குள் தாளை அச்சடித்தாக வேண்டும்.

உன்,
மெஹர்